நான் கூப்பிடுவேன், இருங்க

ஆஸ்பத்திரியில் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் கொச்சிக்காய் என்பார்கள், காரமான மிளகாய். எனக்குத் தெரியும், கொஞ்சம் பிடித்தும் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கிற தாதியை நான் நம்புவதில்லை. தொண்டைக்குள் போட்டிருக்கிற குழாய் வழியாக இன்னொரு மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கும்போது, மயக்கத்தில் கிடக்கிற மனிதன்கூடக் கட்டிலோடு சேர்ந்து துள்ளுவான். அதை ஒரு பகலில் பத்துத் தடவை செய்துவிட்டு வெளியே வந்து, “ஒண்ணும் பயமில்ல” என்று தேன் ஒழுகப் பேச என்னால் முடியாது.

மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் அந்தப் பிரிவில் வேலை செய்தேன். ஆறு கட்டில். ஜன்னலைத் திறந்தால் தேயிலை, மூடினால் மருந்து வாடை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துச் சனம். என்னோடு வேலை செய்த தாதிமார் எல்லோரும் சிங்களவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் தமிழில் “வலிக்குதா”வுக்கு மேல் போகமாட்டார்கள். ஆகவே தோட்டத்திலிருந்து யார் வந்தாலும் பேச்சு என் தலையில் விழும். சாவுச் செய்தி சொல்வதும் என் வேலைதான். டாக்டர் சிங்களத்தில் மூன்று நிமிஷம் மெதுவாக, வருத்தமாகச் சொல்வார். அதைத் தமிழில் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.

தோட்டத்து ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டு வந்தீங்க என்று திட்டுவேன். கையில் கட்டிய மந்திரித்த கயிற்றை அறுக்காதீங்க என்று கெஞ்சினால், அவர்கள் கண்முன்னாலேயே கத்தரிக்கோலை எடுப்பேன். எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது அவர்கள் சொல்கிற “சரிங்க”.

“சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யல. ரத்தத்த மெஷின்ல விட்டு சுத்தம் பண்ணணும். அப்பிடிப் பண்ணினாலும் தப்புறது சந்தேகம். வெளங்குதா?”

“சரிங்க மிஸ்ஸி.”

“என்ன சரி? நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்பம்.”

தலை குனியும். பிறகு, “நீங்க பாத்துச் செய்யுங்க மிஸ்ஸி” என்று வரும். இவ்வளவுதான். டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம் என்றால் கதவைத் தட்டும், டாக்டரின் நம்பர் கேட்கும், எந்த மந்திரியின் செயலாளரையோ போனில் பிடித்துக் கொடுக்கும். அவர்களை நாங்கள் எல்லோரும் சேர்ந்து திட்டுவோம். திட்டிக்கொண்டே உள்ளேயும் விடுவோம். தோட்டத்து ஆட்கள் கேட்கவே மாட்டார்கள் என்பதால் அவர்களை விடாமல் இருப்பது சுலபம்.

இவ்வளவு கோபத்துக்கு உண்மையான காரணம் நானும் அந்தச் சனம் என்பதுதான். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் கடைசி அறையில் பிறந்தவள், தொங்கக் காம்பிரா என்பார்கள். அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தார். வேலையில் சேர்ந்த முதல் நாள், கூட இருந்த தாதி ஒருத்தி “ஹட்டன் டவுனா?” என்று சிங்களத்தில் கேட்டாள். தலையை ஆட்டினேன். அப்பா கடையில் இருந்தாரா என்றாள். அதற்கும் ஆட்டினேன். அந்த இரண்டு தலையாட்டல்களும் பன்னிரண்டு வருஷம் ஓடின. நான் நன்றாகச் சிங்களம் பேசுவேன், சேலையை அவர்கள் மாதிரி கட்டுவேன். தோட்டத்தைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். என்னைப் பார்த்து ஒரு தோட்டத்துக்காரி “நீங்க எந்த ஊரு மிஸ்ஸி?” என்று ஆசையாகக் கேட்டால், காதில் விழாத மாதிரி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

ஒருவர் மயக்கத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறார் என்று அளக்க எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்கு இத்தனை, பேச்சுக்கு இத்தனை, கை காலுக்கு இத்தனை என்று புள்ளி போட்டுத் தாளில் எழுத வேண்டும். கை காலுக்கு அதிகபட்சம் ஆறு. எவ்வளவு வலி கொடுத்தாலும் அசையாதவருக்கு ஒன்று. வலிக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுவந்தால் ஐந்து. சொன்னதைச் செய்தால் ஆறு. அதற்கு மேல் மனிதனுக்குப் புள்ளி கிடையாது. இந்தக் கணக்கைப் போட்டவர் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் லயம் லயமாக ஆறு போட்டுக்கொண்டு போயிருப்பார் என்று நான் மனதுக்குள் கேலி செய்வதுண்டு.

முகக்கவசம் போடும் பழக்கம் எங்களை விட்டு இன்னும் முழுதாகப் போகாத ஒரு வருஷம், மழை விட்ட மாதத்தில், நான்காம் கட்டிலுக்கு ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளி. குளவி கொட்டியது. தேயிலை மலையில் குளவிக் கூடு இருப்பது புதிதில்லை. பருந்து தட்டிவிட்டால் அது கலையும், கீழே யார் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் அவர்கள் கதி அவ்வளவுதான். அன்றைக்குக் கீழே நின்றது அவருடைய மனைவி. அவர் கொஞ்சம் தள்ளி மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தாராம். மற்ற எல்லோரும் மலையை விட்டு ஓட, இவர் மட்டும் மேலே ஓடியிருக்கிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்த மனைவியின் முகத்தைத் தன் சட்டையைக் கழற்றி மூடிவிட்டு, அவள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். அவரைப் புரட்டித் துடைக்கும்போது முதுகைப் பார்த்தேன். விரல் வைக்க இடமில்லாமல் கொட்டியிருந்தது.

இரண்டு பேரையும் ஒரே லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். அவளுக்கு நினைவில்லை. அவர் லொறியில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதில் வரவில்லை. “போயிட்டா, போயிட்டா” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அவரும் மயங்கிப்போனார். அவள் சாதாரண வார்டில் அடுத்த நாளே கண் விழித்தாள். அவருக்குச் சிறுநீரகம் போயிற்று, தசை கரைந்து சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் வந்தது, மூச்சு நின்று மெஷின் போட்டோம்.

ஐந்தாம் நாள் காலையில் ஆள் கொஞ்சம் தேறியிருந்தார். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்ததைக் குறைக்கலாம், பத்து மணிபோல விழிப்பார் என்றார் பெரிய டாக்டர். வெளியில் வார்டிலிருந்து விடுவிக்கப்பட்ட மனைவி நிற்கிறாள், கூப்பிட்டு நிலைமையைச் சொல்லுங்கள் என்றார். வாசல்வரைக்கும் அழைத்து வந்தேன். ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. ஒரு கண் பாதி மூடியே இருந்தது. கையில் ஒரு துணிப்பை. டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வழக்கம்போல “சரிங்க” வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“மிஸ்ஸி, அவரு கண்ணு தெறக்கிறப்ப நான் முன்னுக்கு நிக்கணும்” என்றாள். “நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்காரு. லொறியில வந்தவங்க எல்லாம் சொன்னாங்க. நான் உசுரோட இருக்கேன்னு அவரு பாக்கணும் மிஸ்ஸி. வேற ஒண்ணும் வேணாம்.”

டாக்டர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மாற்றிச் சொன்னேன். அவர் முகம் இளகிவிட்டது. நிச்சயமாக, விழித்ததும் கூப்பிட்டு விடுங்கள், அதுவே ஒரு மருந்து என்றார். அதோடு அவள் போயிருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன். அதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன், கூப்பிட்டுத்தான் இருப்பேன்.

அவள் போகவில்லை. என்னையே உற்றுப் பார்த்தாள். பாதி முகம் கவசத்துக்குள் இருந்தது, ஆனால் என் இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. அதைப் பார்த்தாள். வீங்கிய முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

“ஐயோ, நீங்க நம்ம தொங்கக் காம்பிரா புள்ளதானே! இந்தத் தழும்பு, புள்ளைகள விட்டுட்டு வேலைக்குப் போவோமே, அந்தப் புள்ளக்காம்பிரா படியில விழுந்தது. நான்தானே உங்களத் தூக்கிக்கிட்டு மருந்தையாகிட்ட ஓடினேன்! அம்மா எப்பிடி இருக்காங்க? நாங்க ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க. நான் கல்யாணங் கட்டி இந்தப் பக்கத் தோட்டத்துக்கு வந்துட்டேன். பாத்து எத்தன வருசம்! வெள்ள உடுப்புல எம்புட்டு அழகா இருக்கீங்க!”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் வேறு பெரிய குரல், மலையில் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பேசிப் பழகிய குரல். உள்ளே மூன்று தாதிமார் திரும்பிப் பார்த்தார்கள். மூத்த தாதிக்குக் கொஞ்சம் தமிழ் காதில் ஏறும். ‘கொழுந்து’ என்பது யாருக்கும் விளங்காத சொல் இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேலியில்லை, கோபமில்லை. ஓ, அப்படியா என்கிற பார்வை. டாக்டர் சிரித்தபடி, இப்போது என்ன சொல்கிறாள் என்றார்.

“புருஷன் பிழைப்பாரா என்று கேட்கிறாள் சார்” என்றேன் சிங்களத்தில்.

கையை உருவிக்கொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கட்டி வைத்ததை ஒரு நிமிஷத்தில் வாசற்படியில் போட்டு உடைத்துவிட்டாள், அதுவும் சந்தோஷத்தோடு. அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டியவள் நான். கூப்பிடவில்லை.

“அந்தப் பெஞ்சில போய் இருங்க. நான் கூப்பிடாம உள்ளுக்கு வரக்கூடாது. நான் கூப்பிடுவேன், இருங்க” என்றேன்.

“சரிங்க மிஸ்ஸி” என்றாள். உடனே போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து இருபதுக்கு அவர் கண் திறந்தார். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணிப்பட்டியால் கட்டியிருந்தோம். இப்படி விழிக்கிற ஆட்கள் பெரும்பாலும் திமிறுவார்கள், மெஷின் கத்தும், நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். இவர் திமிறவில்லை. குனிந்து, “ஆஸ்பத்திரியில இருக்கீங்க. கையை அசைக்காம இருங்க” என்றேன். அசைக்காமல் இருந்தார். “என் விரல அமுக்குங்க.” அமுக்கினார். “கால் பெருவிரல ஆட்டுங்க.” ஆட்டினார். தாளில் ஆறு போட்டு, நேரம் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பிறகு அவர் கண் மட்டும் அலைந்தது. மேலே பார்த்தார், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வலிக்குதா?” என்றேன். இல்லை என்று லேசாகத் தலை அசைந்தது.

“தாகமா?” இல்லை.

“வீட்டுக்காரம்மாவா?”

கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போயிற்று. “நல்லா இருக்காங்க. வெளியிலதான் இருக்காங்க. இப்பக் கூப்பிடுறேன்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எல்லோரும் நல்லா இருக்காங்க என்றுதானே சொல்வார்கள், அது அவருக்கும் தெரிந்திருக்கும். அப்புறம் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கட்டிலிலிருந்து பெஞ்சுக்கு இருபது அடி இருக்கும். நடுவில் ஒரு கதவு.

அந்த நேரம் டாக்டர்மார் சுற்றி வந்தார்கள். முக்கால் மணி நேரம் அதில் போயிற்று. அதை நான் ஒரு சாக்காகச் சொல்லவில்லை. பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்து எனக்கு இருபது நிமிஷம் ஓய்வு கிடைத்தது. பின்னால் இருக்கிற சின்ன அறையில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மூத்த தாதி அங்கே இருந்தார். என்னிடம் மிகவும் அன்பாக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, அதிலென்ன வெட்கம், கஷ்டப்பட்டுப் படித்து வந்திருக்கிறாயே என்றார். அந்த அன்பு எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வெளியில் இருப்பவள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே இந்தச் சொற்களில்தான் நினைத்தேன். இருக்கட்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க வேண்டும். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்பார். பெயர் கூப்பிடும் வரைக்கும் மழையோ பனியோ நிற்க வேண்டியதுதான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் கங்காணி அம்மாவின் பெயரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டார். வேண்டுமென்றேதான். முதல் நாள் அம்மா ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டாராம். எல்லோரும் மலைக்குப் போன பிறகும் அம்மா கூடையோடு அங்கேயே நின்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் நின்றார். வீட்டுக்கு வாங்கம்மா என்று கையைப் பிடித்து இழுத்தேன். “பேரு கூப்பிடலயே, எப்பிடிப் போறது?” என்றார். அந்தக் கங்காணியின் மண்டையில் கல்லைத் தூக்கிப் போட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு வெறி வந்தது. அம்மா மேலும் வந்தது. அதிகமாக அம்மா மேல்தான் வந்தது.

ஆகவே எனக்குத் தெரியும். வேறு எந்தத் தாதி இருக்கச் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் எவ்வளவு நேரம் இருப்பாள் என்று அந்தத் தாதிக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு நோயாளிகளைப் பார்க்கிற நேரம். காவலாளி கதவைத் திறந்தார். ஒரு மணி நேரம் யாரும் வரலாம், அனுமதி வேண்டியதில்லை, கூப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆட்கள் வந்தார்கள். நான்காம் கட்டிலுக்கு யாரும் வரவில்லை. அவர் கதவு வழியாக நுழைந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். ஒருத்தி அவள் சாயலில் இருந்திருப்பாள் போல. கட்டிய கை தானாக மேலே வரப் பார்த்தது. நான் எதிர்க் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டே அதைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சொல் சொன்னால் போதும். வாங்க என்றால் போதும். மருந்துப் போத்தலை மாட்டினேன், துளிகளை எண்ணினேன், தாளில் எழுதினேன். இப்போது போய்க் கூப்பிட்டால் மறுபடி அந்தப் பெரிய குரலில், இத்தனை பேர் முன்னால், நம்ம புள்ள என்று ஆரம்பிப்பாளே என்ற நினைப்புத்தான் எனக்கு. கூட்டம் போகட்டும், பிறகு கூப்பிடலாம்.

பன்னிரண்டரைக்கு அவர் கதவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். நான் போய், “வருவாங்க” என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. விரலைப் பிடித்து அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். அவர் மயங்கவில்லை. என்னைப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நிமிஷமே பஸ் கவிழ்ந்து அடிபட்ட ஒருவரை ஆறாம் கட்டிலுக்குக் கொண்டு வந்தார்கள். பார்க்க வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். ஒரு மணிவரைக்கும் கையெல்லாம் ரத்தம். பிறகு அடுத்த ஆட்களிடம் ஒப்படைத்தேன். நான்காம் கட்டிலின் ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, மருந்தின் வேகம், எல்லாம் சொன்னேன். மனைவி வெளியில் இருக்கிறாள், கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம், பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், உடுப்பு மாற்றிக்கொண்டு நான் பின்பக்கக் கதவால் போனேன். முன்பக்கமாகப் போனால் அந்தப் பெஞ்சைத் தாண்ட வேண்டும்.

பஸ்ஸில் கொட்டகலை தாண்டும்போது அவள் ஞாபகம் வந்தது. கைபேசியை எடுத்தேன். பிரிவுக்கு ஒரு அழைப்பு, ஒரு நிமிஷப் பேச்சு. ஐந்து மணிக்கு மறுபடி கதவு திறக்கும், அப்போது எல்லோரோடும் சேர்ந்து உள்ளே போயிருப்பாள், இவ்வளவு மடச்சியாக யாராவது இருப்பார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கைபேசியைப் பைக்குள் போட்டேன். இருப்பார்கள் என்று தெரிந்தவள் நான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தபோது வாசலில் காவலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். “அந்த அம்மாவிடம் நேற்று மத்தியானமும் சொன்னேன், உள்ளே போ, நேரம் வந்துவிட்டது என்று. கதவைக் காட்டி, நான்காம் கட்டில் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். மிஸ்ஸி கூப்பிடுவா என்று உட்கார்ந்தே இருக்கிறாள். எழும்பி ஒரு அடி வைக்கவில்லை மிஸ். பைத்தியம் போல.”

அவள் பெஞ்சில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று சேலையைச் சரி செய்தாள்.

“எங்கயும் போகலங்க மிஸ்ஸி” என்றாள். “ஒருக்கா கக்கூசுக்கு மட்டும் போனேன். அந்த நேரம் பாத்து நீங்க கூப்பிட்டீங்களோன்னு பயந்து போயிட்டேன். கூப்பிட்டீங்களா?”

நான் உள்ளே போனேன்.

நான்காம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. முதல் நாள் பின்னேரம் நாலரைக்கு இதயம் தடுமாறி நின்றிருக்கிறது. நெஞ்சை அமுக்கி, மின்சாரம் கொடுத்துத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். துடிப்பு வந்தது, ஆள் வரவில்லை. கண்மணி இரண்டும் விரிந்து கிடந்தன. உறவினருக்குச் செய்தி சொல்ல முயன்றதாகத் தாளில் எழுதியிருந்தது. எடுத்த நம்பரைப் பார்த்தேன். சேர்க்கும்போது யாரோ கொடுத்த நம்பர் அது, அவருடைய சொந்தப் போனின் நம்பர். அது சார்ஜ் இல்லாமல் வெளியில் இருந்த துணிப்பைக்குள் கிடந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்து, தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். பெஞ்சில் இருப்பவள் அவர் மனைவி என்று எனக்குப் பிறகு வந்த ஆட்களுக்குத் தெரியாது. குழப்பத்தில் ஐந்து மணிக்குப் பார்க்க வந்தவர்களையும் உள்ளே விடவில்லை.

தாளைப் பின்னால் புரட்டினேன். பத்து இருபது, ஆறு, என் கையெழுத்து. அதன் பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஆறு, ஆறு. பின்னேரம் நாலு மணிவரைக்கும் ஆறு. அவர் அவ்வளவு நேரமும் விழித்துத்தான் இருந்திருக்கிறார். யார் எதைச் செய்யச் சொன்னாலும் செய்திருக்கிறார். அதற்குக் கீழே ஒன்று, ஒன்று என்று இறங்கியிருந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றுமில்லை, மனைவியை வரச் சொல்லுங்கள் என்றார். மூத்த தாதி எழுந்தார். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“வாங்க” என்றேன்.

நான் முடிக்குமுன் எழுந்துவிட்டாள். செருப்பை வெளியில் கழற்றினாள். உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில், நான் கையால் காட்டிய இடத்தில் நின்றாள். தொடவில்லை. நான் “தொடலாம்” என்றதும் பாதத்தில் கையை வைத்தாள். பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்தாள். துவைத்து மடித்த நீலச் சட்டை. அவள் முகத்தை மூடின சட்டை அதுதான் என்று அவள் சொல்லித்தான் தெரியும். அதை அவர் நெஞ்சின் மேல், ஒயர்களுக்கு மேலே, விரித்து வைத்தாள். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அரை நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை. பத்து மணி சொச்சத்துக்கு மெஷின் திரையில் இதயத்துடிப்பின் கோடு நேராகப் போயிற்று. சத்தத்தை நான் முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்தேன்.

அவள் அலறவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அடக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். வீக்கம் வடிந்து கண் இப்போது நன்றாகத் திறந்திருந்தது.

“மிஸ்ஸி, அவரு முழிச்சாருங்களா?”

தாள் என் கையில் இருந்தது. தமிழ் கொஞ்சம் காதில் ஏறுகிற மூத்த தாதி கட்டிலின் அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இல்ல” என்றேன். “முழிக்கவே இல்ல.”

அவள் மூச்சை விட்டாள். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

“அது போதுங்க” என்றாள். “அதத்தான் நான் அங்க இருந்து சாமிகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். முழிச்சு என்னையக் காணலன்னா, மெய்யாவே நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பாருங்களே.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க நம்ம புள்ள. கூப்பிட வேண்டிய நேரத்துல கூப்பிட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

நான் கட்டிலைச் சுற்றி வந்து அவருடைய கைக் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அவள் அவர் நெற்றியைத் தடவினாள், சட்டையின் கழுத்துப் பட்டியைச் சரி செய்தாள், பையை எடுத்துக்கொண்டாள். வாசலை நோக்கி இரண்டடி வைத்தவள் நின்று திரும்பினாள்.

“மிஸ்ஸி, நான் இப்பப் போகலாங்களா?”

“போங்க” என்றேன். போனாள்.